கடிகாரம் எழுதிய வலி நோட்டு

பேருந்துப் பணிமனையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் கிடையாது. 'கடிகாரம்' என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருடமாக வாசல் அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது என்று எழுதும் டைம் கீப்பர். வண்டி மூன்று நிமிடம் தாமதமானாலும் ஓட்டுநரை நிறுத்தி, "வழியில யார் வீட்டுல காபி?" என்று கேட்காமல் விடமாட்டார்.

ஐம்பத்தேழு வயதில் மாரடைப்பு வந்தது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, மூன்று மாதம் ஓய்வு என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து மனைவி அவரைக் கண்ணாடிப் பாத்திரம்போல் தாங்கினாள். தண்ணீர் வாளியைத் தொட விடவில்லை. செய்தி ஓடினால் டிவியை அணைத்தாள். போன் அடித்தால் அதை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் கதவுதான் அவரைப் படுத்தி எடுத்தது.

"யாரு போன்ல?"

"ராங் நம்பருங்க."

"ராங் நம்பரோட பன்னெண்டு நிமிஷமா பேசுவே?"

"உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? டென்ஷன் ஆகாம படுங்க."

படுத்தார். புரண்டார். எழுந்து ஜன்னலுக்குப் போனார். செருப்பைப் போட்டார், கழற்றினார். வெளியூரில் கட்டட வேலை பார்க்கும் மகன் ஐந்து வாரமாக வீடியோ காலில் முகம் காட்டிப் பேசவில்லை. "நல்லாருக்கேன்பா, வேலை ஜாஸ்தி" என்று குரல் மட்டும் வரும், அதுவும் இரண்டே நிமிடம். ஜெயிலில் இருக்கிறானா? ஆள் முழுசாக இருக்கிறானா? கேட்டால் 'படுங்க' என்பாள் மனைவி. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

மார்பில் மறுபடி இறுக்கம் வர ஆரம்பித்தது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். வலி வரும் நேரத்தையும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் எழுதி வரச் சொன்னார். குறையாவிட்டால் இன்னொரு தடவை குழாய் விட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்றார்.

மற்றவர்கள் என்றால் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி கிறுக்கிக்கொண்டு போவார்கள். இவர் நோட்டில் கோடு போட்டு, வலி வந்த நேரம், போன நேரம், நடந்தது என்று பிரித்து எழுதினார். கண்ணெதிரே போவதையும் வருவதையும் எழுதாமல் விட்டுப் பழக்கமில்லை. அதனால் மனைவி பின்கட்டுக் கதவை மூடியதும் திறந்ததும் அதில் ஏறின.

அடுத்த வாரம் டாக்டரம்மா நோட்டை வாசித்தார். பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"காலைல ஏழு மணி, மாடிப்படி ரெண்டு தடவை, வலி இல்ல. நாலு பத்து, போன், கதவு மூடியது. நாலு பதிமூணு, வலி." இரண்டு பக்கம் புரட்டினார். "ஆறு தடவை வலி வந்திருக்கு. அஞ்சு தடவை கதவு மூடினப்புறம்தான். கதவுக்குப் பின்னாடி என்னம்மா நடக்குது?"

"இவர் நெஞ்சுக்கு ஆகாதுன்னுதான் டாக்டர்..."

"மாடி ஏறினா இதயம் வேகமா அடிக்கும். உக்காந்த இடத்துல பயந்தாலும் அப்படித்தான் அடிக்கும், பிரஷர் ஏறும், ரத்தக்குழாய் சுருங்கும். ஏற்கெனவே பழுதான குழாய் எவ்வளவுதான் தாங்கும்? இவர் படுத்துக்கிட்டே நாள் முழுக்க மாடி ஏறிட்டிருக்கார்மா."

மனைவி முந்தானையை முறுக்கினாள். "கட்டடத்துல சாரம் சரிஞ்சு பையன் விழுந்துட்டாங்க. தொடை எலும்பு முறிஞ்சு பிளேட் வெச்சிருக்கு."

அவர் நாற்காலியைப் பிடித்தார். இறுக்கம் வந்தது. நாக்கின் அடியில் மாத்திரை வைத்து, டாக்டரம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சில நிமிடத்தில் இறுக்கம் விட்டது.

"கால் இருக்கா?"

"இருக்குங்க."

"ரெண்டும்?"

"ரெண்டும் இருக்கு."

"இதுக்கா அஞ்சு வாரம் ராங் நம்பர்? நான் மனசுக்குள்ள அவனை எத்தனை தடவை சாகடிச்சுட்டேன் தெரியுமா?"

பரிசோதனை ரத்தாகவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார் டாக்டரம்மா. "கெட்ட சேதியா இருந்தாலும் பக்கத்துல உக்காந்து பதமா சொல்லுங்க. ஒளிக்காதீங்க" என்று மனைவிக்கும் ஒரு வார்த்தை சொன்னார்.

அன்று மாலையே மகன் முகம் காட்டினான். தலையணைமேல் கால், பத்து நாள் தாடி.

"எத்தனை மணிக்கு விழுந்தே?"

"அப்பா, விழுறவன் மணி பாத்துக்கிட்டா விழுவான்?"

"சேஃப்டி பெல்ட் போட்டிருந்தியா?"

மகன் பேச்சை மாற்றினான். இவர் விடவில்லை. அதன்பின் தினம் நாலு தடவை போன் போட்டார். "அம்மா, இப்போ எனக்கு நெஞ்சு வலி வந்துடும்போல" என்று மகன் புலம்பினான். "வரட்டும், நீயும் நோட்டுப் போடு" என்றாள் அவள்.

அவருடைய நடை இன்னும் நிற்கவில்லை, கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாகத்தான் இருக்கிறார். நோட்டில் கடைசியாக எழுதியது இது:

'மாலை ஆறு இருபது. மகனோடு சண்டை, பதினாறு நிமிடம். கதவு திறந்திருந்தது. வலி இல்லை.

ஏழு ஐந்து. மகன் ஊன்றுகோலில் நின்று காட்டினான். லேசான இறுக்கம், ஒரு நிமிடம். டாக்டரிடம் சொல்ல வேண்டும்.'