பன்னிரண்டு சிங்கங்கள்

மேடவாக்கத்துத் தாத்தா மனை இன்றைக்கு முழுசாக அம்மா பெயரில் இருக்கிறது. அதற்குத் தன் வாதம்தான் காரணம் என்கிறார் எங்கள் வக்கீல். தன் பிடிவாதம்தான் காரணம் என்கிறாள் அம்மா. என் ஆல்பத்தைப் பற்றி இருவரும் மூச்சு விடுவதில்லை.

மனையில் பாதி அம்மாவுக்கு, பாதி மாமாவுக்கு. மாமா தன் பாதியை ஃபிளாட் கட்டுகிற ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டார். "விக்கிறதுன்னா கூடப்பொறந்தவளத் தானே மொதல்ல கேக்கணும்? அதே விலைக்கு நான் வாங்கிக்க மாட்டேனா?" என்று அம்மா தாம்பரம் கோர்ட்டுக்குப் போனாள். கூட்டுப் பங்காளிக்கே வாங்கும் முன்னுரிமை என்று சட்டமும் அவள் பக்கம்தான். ஆனால் அவள் கட்டிய கோர்ட் கட்டணம் குறைவு என்று மாமாவின் வக்கீல் கிளப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள் மீதிக்கு ஸ்டாம்ப் கொடுக்காவிட்டால் வழக்கு தள்ளுபடி என்று உத்தரவாகிவிட்டது. அம்மா தான் வேலை பார்த்த திருமுடிவாக்கம் கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கி, தபால்தலை மாதிரியே இருக்கும் பன்னிரண்டு கோர்ட் ஸ்டாம்ப் வாங்கி, கவரில் போட்டு பீரோவில் வைத்தாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தபால்தலைப் பைத்தியம். அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே மாமாதான். ஆல்பமும் அவர் வாங்கிக் கொடுத்தது. "பசைய நக்கிடாத கண்ணு. மூலைய மட்டும் செருகு" என்று அவர் சொன்னது எனக்கு வேதவாக்கு. சிங்க முகத்தோடு பன்னிரண்டு புத்தம்புது ஸ்டாம்பைப் பார்த்தவள் சும்மா இருப்பேனா? எல்லாவற்றையும் எடுத்து ஆல்பத்தில் செருகிவிட்டேன். ஆனால் நான் திருடவில்லை. பதிலுக்கு என் ஆல்பத்திலிருந்து பன்னிரண்டு நல்ல தபால்தலைகளை, உயிருக்குயிரான பூடான் பட்டாம்பூச்சி உட்பட, அந்தக் கவரில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து நேராக என்னைக் கோர்ட்டுக்கு இழுத்துப்போனாள் அம்மா. வராந்தாவில் மாமா கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கண்ணடித்தார்.

உள்ளே கிளார்க் கவரைக் கவிழ்த்தார்.

"இன்னாம்மா இது? பட்டாம்பூச்சிலாம் கீது!"

அம்மா என்னைப் பார்த்தாள். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ என் ஸ்கூல் பையை மேஜைமேல் கொட்டி ஆல்பத்தைப் பிரித்தாள். அவசரத்தில் ஒன்றைக் கிழித்துவிடப் பார்த்தாள். அதனால் நானே ஒவ்வொன்றாக மூலை மடங்காமல் உருவிக் கொடுத்தேன். கிளார்க் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கிழிசல் இல்ல. பசையும் அப்டியே கீது. யாரும்மா கத்துக்குடுத்தது?"

"எங்க மாமா" என்றேன் பெருமையாக. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பன்னிரண்டையும் காகிதத்தில் ஒட்டியவர், ஒரு கருவியை எடுத்து ஒவ்வொரு சிங்கத்தின் தலையிலும் படக் படக்கென்று ஓட்டை போட்டார். "ஓட்ட போட்டாச்சு, கட்டினதா ஆயிடுச்சு. உங்க கேஸு நிக்கும்மா" என்றார். அம்மா கைகூப்பி அழுதாள், சந்தோஷத்தில். நானும் அழுதேன், சிங்கங்களுக்காக.

என் துக்கம் புரியக்கூடிய ஒரே ஆளிடம் ஓடினேன்.

"மாமா! பன்னெண்டு சிங்கத்துக்கும் ஓட்ட போட்டுட்டாங்க மாமா!"

"பன்னெண்டுக்குமா?"

மாமாவின் முகம் தொங்கிப்போனது. அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். என் ஸ்டாம்புக்காக இவ்வளவு வருத்தப்படுகிற மாமா வேறு யாருக்கு வாய்ப்பார்! மனம் தாங்கவில்லை எனக்கு. திரும்பக் கிடைத்த பூடான் பட்டாம்பூச்சியை எடுத்து அவர் சட்டைப்பையில் வைத்தேன், அவர் சொல்லிக்கொடுத்தபடியே, மூலை மடங்காமல்.