மக்கிப் போகிற எலாஸ்டிக்

பாலிமர் வேதியியல் படித்தவர்களுக்குத் திருப்பூரில் மரியாதை கொடுப்பார்கள், டீ கொடுப்பார்கள், காது மட்டும் கொடுக்க மாட்டார்கள். ஆய்வகத்தில் வெந்துகொண்டிருக்கும் பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாததா! ஒரு ஜட்டியை மண்ணில் போட்டால் பருத்தித் துணி மக்கிவிடும், இடுப்பு எலாஸ்டிக் மட்டும் பேரன் பேத்தி காலம்வரை அப்படியே கிடக்கும். அதையும் மக்க வைக்க வேண்டும், மக்கிப் போனதை என் கண்ணால் பார்க்க வேண்டும். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு இருக்கிற ஏக்கம் இது ஒன்றுதான். வருகிற மே மாதம் ரிட்டயர்மென்ட்.

ஈரமும் சூடும்

பல்லடம் ரோட்டில் எலாஸ்டிக் நாடா ஓட்டும் முதலாளி ஒருவரிடம் போனேன். ஆய்வகத்தில் நானே செய்த எலாஸ்டிக் இழையை நீட்டி, "இது மக்கும்" என்றேன், ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி. அவர் இழுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், டீ சொன்னார். நுண்ணுயிர் என்றேன், "ஆமாங்க" என்றார். ஈரமும் சூடும் சேர்ந்தால் தானாகக் கரைய ஆரம்பிக்கும் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க மேடம், ஈரமும் சூடும் மண்ணுல மட்டுமாங்க இருக்குது? போட்டவன் பஸ் ஸ்டாண்டுல நிக்கறப்ப மக்கிப் போச்சுன்னா, நான் யாருக்குங்க பதில் சொல்றது?"

பொறந்த ஊடு

இருந்தாலும் நல்ல மனுஷன். மெஷின் சும்மா நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நாடா ஓட்டிக் கொடுத்தார். அவர் கம்பெனி டெய்லர் சரசக்கா அதை ஜட்டியில் வைத்துத் தைத்தார். தைத்ததை இழுத்தார். வந்தது. விட்டார். வந்தது வந்ததுதான், தொளதொளவென்று தொங்கியது. கேலி செய்யும்போதும் சரசக்கா மரியாதையை விடமாட்டார்.

"இழுத்தா வருதுங்க, உட்டா திரும்ப மாட்டேங்குது. எங்க மருமக பொறந்த ஊட்டுக்குப் போன மாதிரியே இருக்குதுங்க மேடம்."

இரண்டு குழி

அந்த மருமகளைத் திரும்பி வர வைக்க எனக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. ஒருவழியாகப் போன வருஷம் நாடா சொன்ன பேச்சு கேட்டது. மெஷினை விற்கப் போகிறேன், இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுத்தான் முதலாளி ஓட்டிக் கொடுத்தார். ஆடி மாதம், கல்லூரி வேப்பமரத்தடியில் இரண்டு குழி வெட்டினேன். கடையில் விற்கிற எலாஸ்டிக் வைத்த ஜட்டிகள் ஒரு குழியில், அடையாளத்துக்குச் சிவப்பு நூல் சுற்றிய குச்சி. என்னுடைய எலாஸ்டிக் வைத்தவை எல்லாம் இன்னொன்றில், பச்சை நூல்.

அதற்குப் பிறகு மழை வந்தால் எனக்குச் சந்தோஷம், வராவிட்டால் கவலை. தினமும் ஆய்வக ஜன்னலில் நின்று அந்தக் குச்சிகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன். தோண்டிப் பார்க்கக் கை பரபரக்கும். பாதியில் கிளறினால் சோதனை கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். குழி வெட்டிய அன்று அந்தப் பக்கம் வந்த இயற்பியல் பேராசிரியருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னங்க மேடம், ரிட்டயர்மென்ட்டுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பொதைக்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

வச்சவன்

பொங்கல் லீவு முடிந்ததும் மண்வெட்டியோடு போனேன். குச்சியும் இல்லை, நூலும் இல்லை. மண் நிரவிக் கிடந்தது. கல்லூரித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சேவியர் அண்ணன், நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், சிரித்த முகமாக வந்தார். களை எடுக்கும்போது பார்த்தாராம். மரத்தடி, நூல் சுற்றிய குச்சி, தோண்டினால் உள்துணியின் மிச்சம். யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. யாருக்கு என்பதும் புரிந்துவிட்டது. தினமும் ஜன்னலில் நின்று பெருமூச்சு விடுகிறவள் நான்தானே! என் மனசு சங்கடப்படக் கூடாதென்று என்னிடம் சொல்லாமலே, ஜெபம் பண்ணி, கிடைத்ததையெல்லாம் கொளுத்திவிட்டாராம்.

இன்னொரு தடவை ஓட்ட மெஷினும் இல்லை, மக்குவதற்கு நாளும் இல்லை. அந்த மனுஷரைத் திட்டவும் வாய் வரவில்லை. சிவப்பு நூல் போட்ட குழியில் என்ன இருந்தது என்று கேட்டேன். துணி மக்கிப்போய் எலாஸ்டிக் மட்டும் வளையம் வளையமாகக் கிடந்தது என்றார். பச்சை நூல் குழியில்? சேவியர் அண்ணன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதுதான் மேடம் எனக்குப் பயமே. தோண்டுதேன், தோண்டுதேன், ஒண்ணுமே இல்ல, வெறும் மண்ணு. வச்சவனே வந்து எடுத்துட்டுப் போயிட்டாம்லா."

ஆக, பாவப்பட்ட ஜீவன்களே, ஆயுசு பூராவும் நான் பார்க்க ஏங்கிய அந்த வெறும் மண்ணைப் பார்த்த ஒரே மனுஷர், எனக்காக ஜெபம் பண்ணிக்கொண்டே அதை மூடிவிட்டார்.