டீச்சர் சொன்னதும் நான் சொன்னதும்

பத்து வருடங்களுக்கு முன், டெல்லி ஜங்புரா பக்கம் ஒரு பெரிய சாக்கடை ஓரத்துக் குடிசையில் நாங்கள் குடியிருந்தோம். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பாவுக்குத் தெரு கூட்டும் வேலை. அம்மா நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். அக்கா தையல் கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

எங்கள் சந்து முனையைத் தாண்டினால் மேம்பாலம். அதன் அடியில் பட்டப்பகலிலேயே சீட்டு, கஞ்சா, அடிதடி எல்லாம் நடக்கும். அங்கே எனக்கு நாலு சிநேகிதர்கள் கிடைத்தார்கள். சீருடையோடு கிளம்பி, பள்ளிக்கூடம் போகாமல் பாலத்தடியில் பொழுதைக் கழித்துவிட்டு, சரியான நேரத்துக்கு வீடு திரும்புவேன். பொட்டலம் எதையும் நான் தொடவில்லை. தொடுவதற்கு அதிக நாள் ஆகியிருக்காது.

ஒருநாள் பள்ளியில் பெற்றோரை அழைத்து வரச் சொன்னார்கள். நான் அப்பாவை விட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிப் போனேன். அப்பா இந்தியில் வெளுத்து வாங்குவார். அம்மா இந்தி பேசி நான் கேட்டதே இல்லை. ‘அச்சா’வையும் ‘ஜல்தி’யையும் தாண்டி அவருக்கு எதுவும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து இந்தியில் பொரிந்து தள்ளினார். மூன்று வாரமாக ஆளையே காணோம், கேட்டால் திமிராகப் பதில் சொல்கிறான், இன்றோடு பெயரை அடித்துவிடப் போகிறேன் என்றார். எல்லாவற்றையும் பவ்யமாகக் கேட்டுக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினேன்.

"நல்லாத்தான் படிக்கிறேனாம்மா. கையெழுத்துதான் கொஞ்சம் கோணலா இருக்காம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட தைரியம் எனக்கு. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மேடம்ஜி, நாம் மத் காட்டியே. கல் ஸே ரோஸ் ஆயேகா."

பெயரை அடித்துவிடாதீர்கள், நாளையிலிருந்து தினமும் வருவான் என்று அர்த்தம். டீச்சர் பதிவேட்டை மூடினார். இதுதான் கடைசித் தடவை என்றார்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அம்மா கேட்டார்.

"திட்டுற இந்தி எனக்குத் தெரியாதாடா? நாலு வூட்டுல தெனம் அதத்தான கேக்குறேன்."

அதற்குப் பதில் ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

அன்று சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து. அப்பா கையை ஓங்கினார், அக்கா தடுத்தாள். மறுநாளிலிருந்து அம்மா காலையில் ஒரு வீட்டு வேலையை விட்டுவிட்டு என்னைப் பள்ளி வாசல்வரை கொண்டுவந்து விட்டார். மணி அடித்து வெளியே வந்தால், துடைப்பம் கட்டிய சைக்கிளோடு அப்பா நிற்பார். வீட்டில் அக்கா பட்டன் தைத்தபடியே என்னைச் சத்தமாகப் படிக்கவைப்பாள். அந்த வருடம் முழுக்க இதே காவல்தான். கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

பாலத்தடியிலிருந்து பையன்கள் என்னைக் கூப்பிடுவார்கள். அப்பா திட்டமாட்டார். சைக்கிளை நிறுத்தி, "சாப்ட்டீங்களாடா?" என்று கேட்பார். அவர்கள் நெளிவார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க அவர்கள் வீட்டில் ஆள் இல்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அவர்களில் ஒருவன் இப்போது சிறையில் இருக்கிறான்.

நான் இன்று ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். தமிழ் நோயாளிகள் வந்தால் டாக்டர் சொல்வதை மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு வார்த்தையும் மாற்றமாட்டேன். இந்தி தெரியாது என்று தலையாட்டும் அம்மாக்களை நான் நம்புவதும் இல்லை!

நான் சொன்ன பொய் அம்மாவிடம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஆனால் ‘தினமும் வருவான்’ என்று எனக்காக அவர் கொடுத்த வாக்கும் அன்றைக்குப் பொய்தான். மூன்று பேரும் சேர்ந்து அதை உண்மையாக்கியதால்தான் நான் இன்று மனிதனாக நிற்கிறேன்.