பத்துச்சீட்டோடு திருச்சிக்குப் போனவர்

திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆறு மாணவர்கள், எங்கள் ஆசிரியர் மத்தியாஸ் மாஸ்டர், அவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கும் ஒரு பெண். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் அறைக்கு வந்தவர்கள் எல்லோரும் அவரை ஆசிரியை என்றே நினைத்தார்கள். முதல் வருஷம் அவர்கள் அப்படியே நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அவர் ஆசிரியை இல்லை. பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ராக்காயி அத்தை. எனக்கு உறவுமில்லை. லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டில் நாலு காம்பரா, அதாவது நாலு அறை தள்ளி, புருஷனை இழந்து, ஒரே மகளை அக்கரப்பத்தனையில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தவர்.

1961இல் ஹட்டனில் நான் பல்கலைக்கழகத்துக்கு முந்திய எச்.எஸ்.சி. வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு வருஷம் அவர்கள் இங்கே வந்து விவாதம் பேசி, நுவரெலியாவைச் சுற்றிப் பார்ப்பார்கள். மறு வருஷம் நாங்கள் அங்கே போவோம். அவர்கள் வந்து போனார்கள். எங்கள் முறை வந்தபோதுதான் சிக்கல். நன்றாகப் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு, தோட்டத்துத் தமிழர் என்பதால், இலங்கைப் பிரஜாவுரிமை இல்லை. பாஸ்போட் எடுக்க முடிந்தவர்கள் ஆறு பேர் தேறினோம். அதில் இருவர் பெண்கள், றோசலினும் அழகம்மாவும். பெண்பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்புவதென்றால் கூட ஒரு பெண் போக வேண்டும். இருந்த இரண்டு டீச்சர்மாரில் ஒருவருக்குக் கைக்குழந்தை; மற்றவருக்கு வீட்டில் விடவில்லை.

அழகம்மாவின் அப்பா கந்தப்பன், மத்தியாஸ் மாஸ்டரிடம் சொல்லிவிட்டார். "எங்க அக்கா கூட வந்துச்சுன்னா அனுப்புறேனுங்க. இல்லாட்டி அது இங்கனயே பேசட்டும், நாங்க கேட்டுக்கிறோம்."

அந்த அக்காதான் ராக்காயி அத்தை. செத்துப்போன புருஷன் அலைந்து திரிந்து வாங்கிய பிரஜாவுரிமைப் பத்திரம் அவரிடம் இருந்தது. அழகம்மா போகாவிட்டால் றோசலின் வீட்டிலும் விடமாட்டார்கள். நாலு பையன்களுக்காக மட்டும் பயணத்தை நடத்த அதிபருக்கு மனமில்லை. ஆக எங்கள் எல்லோருடைய திருச்சியும் கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணின் கையில் வந்து நின்றது.

"பதினஞ்சு நாளா? மலைக்கு யாரு போறது?" என்று கேட்டவர், மறுநாளே தோட்டத்து ஆபீசுக்குப் போய் எல்லாம் முடித்துக்கொண்டு வந்துவிட்டார். எங்களுக்கு ஆச்சரியம். என்ன முடித்தார் என்று யாரும் கேட்கவில்லை.

தலைமன்னாரில்தான் எனக்குத் தெரிந்தது. கப்பலுக்கு வரிசையில் நின்றோம். அதிகாரி பாஸ்போட்டைக் கேட்டார். அத்தை மஞ்சள் பையிலிருந்து பாஸ்போட்டையும் அதோடு மடித்து வைத்திருந்த இன்னொரு தாளையும் நீட்டினார். அதிகாரி தாளைத் திருப்பித் தள்ளிவிட்டார். அத்தைக்குப் பயம் வந்துவிட்டது.

"லேனாட்டு தம்பி, இது வேணாங்கிறாரே. சரியா எழுதலியோ என்னமோ. கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க."

என் பெயர் லியனார்ட். தோட்டத்தில் லேனாட்டு. நான் எச்.எஸ்.சி. போன பிறகு அத்தை என்னை 'நீங்க' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

தாளை வாங்கிப் பார்த்தேன். பத்துச்சீட்டு. ஒரு தோட்டத்தைவிட்டு ஒரேயடியாகப் போகிறவருக்குக் கொடுக்கிற சீட்டு. அதைக் காட்டினால்தான் இன்னொரு தோட்டத்தில் சேர்ப்பார்கள். அதை வாங்கிய அன்றே இந்தத் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆட்களின் பெயர்ப் பதிவேட்டில், பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் காம்பராவும் போகும். 'தன் விருப்பத்தின்பேரில் வேலையிலிருந்து நீங்கி இந்தியா செல்கிறார்' என்று இங்கிலீஷில் தெளிவாக எழுதியிருந்தது. கீழே அத்தையின் பெருவிரல் ரேகை.

"இத எதுக்கு அத்தை வாங்குனீங்க?"

"எதுக்கா? அந்தா இருக்கிற தோட்டத்துக்குப் போறதுக்கே பத்துச்சீட்டு கேக்குறான். இந்தியாவுக்குச் சும்மா கைய வீசிக்கிட்டுப் போக முடியுமா? பெரிய கிளாக்கரு, இந்தியாவுக்கா போறேன்னாரு. ஆமாங்க, பத்துச்சீட்டு வேணுமுங்கன்னேன். எழுதிக் குடுத்துட்டாரு. நல்ல மனுசன்."

கிளாக்கர் டக்ளஸ் மேல் குற்றமில்லை. இந்தியாவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் வாங்கிப் போனார்கள். யாரும் திரும்பி வந்ததில்லை. பதினைந்து நாளில் திரும்புகிறவர் என்று அவருக்கு யார் சொன்னது?

எனக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். கப்பல் தெரிந்தது. சொன்னால் இந்த மனுஷி இந்த நிமிஷமே பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறிவிடுவார். பெண்பிள்ளைகள் இருவரும் அவர் பின்னால் போவார்கள். மூன்று மாதமாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகிய என் பேச்சு பெட்டியிலேயே கிடக்கும்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு அத்தை. பத்திரமா வச்சுக்கங்க," என்றேன்.

அன்றிலிருந்து அந்தத் தாளோடுதான் நானும் பயணம் செய்தேன். தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு ஒரு நிமிஷத்தில் விளக்கிச் சரிசெய்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்குத் தனக்குத்தானே சமாதானம் சொல்வது எளிது. அந்த வயதிலேயே எனக்கு அது நன்றாக வந்தது.

திருச்சியில் எங்களைப் பள்ளி விடுதியில் தங்கவைத்தார்கள். முதல் நாள் காலையில் ஆறு மணிக்கு அத்தை எங்களை முற்றத்தில் வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டார். தோட்டத்தில் தினமும் வேலைக்கு முன் நடக்கிற பெரட்டுப் போலவே. ஆறு பெயரும் அவருக்குச் செக்ரோல் இல்லாமலே மனப்பாடம். ஒரு நாள் முத்துலிங்கம் பல்விளக்கிக்கொண்டே வந்து நின்றான். "பிந்தி வந்தா அரைப் பேருதான்," என்று தோட்டத்தில் அரை நாள் கூலி போடுவதுபோலச் சொல்லி, காலை இட்லியில் பாதியை நிறுத்திவிட்டார். மத்தியாஸ் மாஸ்டரும் இரண்டாம் நாளிலிருந்து வரிசைக்கு வந்துவிட்டார். அவர் பெயர் கடைசியில்.

அங்கத்துப் பிள்ளைகள் அத்தையைச் சுற்றியே நின்றார்கள்.

"சிலோன்லேருந்து வந்திருக்கீங்க, தமிழ் நல்லாப் பேசுறீங்களே," என்றாள் ஒருத்தி.

"நீயும் மோசமில்ல தாயி," என்றார் அத்தை.

"நீங்க என்ன பாடம் நடத்துறீங்க?"

"காலைல நிக்கச் சொல்லிக் குடுப்பேன். சாயங்காலம் கூடைய எறக்கச் சொல்லிக் குடுப்பேன்."

மலைக்கோட்டையில் எங்களுக்கு வழிகாட்ட வந்த பையன்கள் பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். அத்தை உச்சிக்குப் போய்ப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, "இன்னும் இங்கனயா இருக்கீங்க?" என்று விபூதி கொடுத்தார். ஆனால் கல்லணைக்குப் போகிற வழியில் சமதரையில் ஒரு மைல் நடந்ததற்குக் காலைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல. காலுக்கு ஒரே வேல. எப்புடித்தான் நடக்குறாங்களோ." தேநீர்க் கடையில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "நம்ம தேயில ஸ்டோர்ல தரையக் கூட்டுனா இப்புடித் தூளு வரும்," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். கடைக்காரர் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "நல்ல சூடுங்க" என்றார்.

அவர் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள் நினைவுக்கு வரும். இந்நேரம் அவர் காம்பராவை என்ன செய்திருப்பார்கள்? அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். 'நான் வாசித்தேன்' என்ற இடத்தில் நின்றுவிட்டது.

விவாதம் ஒன்பதாம் நாள். நாட்டு முன்னேற்றத்துக்கு முதலில் வேண்டியது கல்வியா, உழைப்பா? இரண்டு பள்ளியையும் கலந்து அணி பிரித்தார்கள். நான் கல்வி, அழகம்மா உழைப்பு. நான் தோட்டத்துத் தாயைப் பற்றிப் பேசினேன். எழுதப் படிக்கத் தெரியாத அவள் கையில் கொடுக்கப்படுகிற தாள் அவளுக்குப் போடப்படுகிற விலங்கு. அதை வாசித்துச் சொல்ல ஒரு மகன் எழுந்து வரும்போதே அவளுக்கு விடிகிறது. மூன்று மாதத்துக்கு முன்னமே எழுதிய வரி. கண்ணாடி முன்னால் பேசும்போது அது நன்றாகத்தான் இருந்தது. மண்டபம் கைதட்டியது. கடைசி வரிசையில் அத்தையும் தட்டினார். எனக்கு அடுத்த வரி மறந்துபோனது.

அழகம்மா எழுந்து, "என் நண்பர் சொன்ன அந்தத் தாய்க்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அவள் பறித்ததைத்தான் இந்த மண்டபம் காலையில் குடித்துவிட்டு வந்திருக்கிறது," என்று தொடங்கினாள். முதல் பரிசு அவளுக்கு. எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நியாயம் என்று தெரிந்தது.

வெளியே வந்ததும் அத்தை என் தலையைத் தடவினார். "அந்தப் பொம்பள நாந்தானே தம்பி? நமக்கென்ன, வாசிச்சுச் சொல்லத்தான் நீங்க இருக்கீங்களே." அப்போதாவது சொல்லியிருக்கலாம். றோசலின் கூப்பிடுகிறாள் என்று நகர்ந்துவிட்டேன். அவள் கூப்பிடவில்லை.

திரும்பி வந்த அன்று மழை. பஸ்ஸைவிட்டு இறங்கி லயத்துக்கு ஏறினோம். அத்தையின் காம்பராவில் விளக்கு எரிந்தது. உள்ளே தெரியாத ஒரு பெண் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருங்க வேணும்?" என்றாள் அவள்.

"நான் இந்த வீட்டுக்காரி," என்றார் அத்தை.

இரண்டு பேருமே பயந்துபோய் நின்றார்கள். கந்தப்பன் ஓடி வந்தார். அத்தையின் சட்டி பானையெல்லாம் அவர் வீட்டு இஸ்தோப்பில், முன்திண்ணையில், சாக்குப் போட்டு மூடியிருந்தது. "ஆபீசுல இருக்கிற, நீ ரேகை வச்ச இன்னொரு தாளக் காட்டுறாங்கக்கா. நான் என்னத்தச் சொல்றது? நீயே வந்து பேசிக்குவேன்னு இருந்தேன்."

மறுநாள் அத்தை கூடையோடு பெரட்டுக்களத்துக்குப் போனார். கணக்கப்பிள்ளை எல்லாப் பெயரையும் கூப்பிட்டார். அவர் பெயர் வரவில்லை. ஆட்கள் எல்லோரும் மலைக்கு ஏறிய பிறகும் அங்கேயே நின்றார். இரண்டாம் நாளும் அப்படியே. இருபத்திரண்டு வருஷம் பதில் சொன்ன இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதை நான் மேட்டிலிருந்து பார்த்தேன்.

தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமி ஒரு வழி சொன்னார். அது என்ன தாள் என்று தெரியாமல்தான் வாங்கினார் என்று தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் யாராவது விளங்கச் சொன்னால் அவர் கேட்கக்கூடும். "இங்கிலீசுல சொல்லணும். நம்ம லேனாட்டுத் தம்பி எதுக்கு இருக்கு?"

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நானும் அத்தையும் நின்றோம். உள்ளே தொரை, பக்கத்தில் கிளாக்கர் டக்ளஸ். நான் இங்கிலீஷில் சொன்னேன். தொரை பொறுமையாகக் கேட்டார்.

"அவளுக்குத் தெரியாது என்பது உனக்கு எப்படித் தெரியும்?"

"தலைமன்னாரில் அதை வாசிக்கும்படி என்னிடம் கொடுத்தார்."

"வாசித்தாயா?"

"வாசித்தேன்."

"என்ன சொன்னாய்?"

பொய் சொல்ல இடமிருந்தது. அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நான் வாசித்ததும் அவர் என்னை நம்பியதும்தான் அவருக்கிருந்த ஒரே சாட்சி. அதை மறைத்தால் அவருக்கு எதுவும் மிஞ்சாது.

"எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். சொல்லியிருந்தால் அவர் திரும்பியிருப்பார். எனக்குத் திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது."

தொரை கண்ணாடியைக் கழற்றி என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கிளாக்கர் பக்கம் திரும்பி ஏதோ மெதுவாகப் பேசினார்.

"என்ன தம்பி, ஏன் ஒங்களையே பாக்குறாரு? என்ன சொன்னீங்க?" அத்தை என் சட்டையைத் தொட்டார்.

சொன்னேன். நான் அன்று பேசியதில் கடினமான பாஷை தமிழ்தான். தலைமன்னார் வரிசையிலிருந்து சொன்னேன். அத்தை சட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். திட்டவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு, "பேரு போடுவாரா, மாட்டாரா? அத மொதல்ல கேளு," என்றார்.

பெயர் போட்டார்கள், புது ஆளாக. இருபத்திரண்டு வருஷமும் அந்தத் தாளோடு போயிற்று. பழைய காம்பரா கிடைக்கவில்லை. கீழ் லயத்தில், ஒழுகுகிற கோடிக் காம்பரா கிடைத்தது. புது ஆட்களைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். மறுநாள் கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் பிறகு, "ராக்காயி" என்றார். "இந்தியாக்காரி வந்துட்டா, வழி விடுங்கடி," என்று பக்கத்தில் நின்ற மீனம்மா கேலி செய்ய, அத்தை அவள் முதுகில் ஒன்று வைத்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு ஏறினார்.

என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே வந்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் திரும்பித்தான் வந்திருப்பேன். அழகம்மா அங்க பேசியிருக்க மாட்டா. அது வேற. நீ செஞ்சது சரின்னு நான் என்னைக்கும் சொல்லமாட்டேன்." சொல்லிவிட்டு, மகளிடமிருந்து வந்த கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

நான் வாசித்தேன். ஒரு வரிகூட விடாமல் வாசித்தேன். அத்தை கடைசிவரை கேட்டுவிட்டுக் கடிதத்தை வாங்கி மடித்தார்.

"சரி. அழகம்மாகிட்டயும் குடுத்து ஒருக்கா வாசிக்கச் சொல்றேன்."

இப்போது எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் முதல் பட்டதாரி என்று சங்கத்தில் மாலை போட்டார்கள். ராக்காயி அத்தையும் வந்திருந்தார். போன கிழமையும் ஒரு கடிதம் கொண்டுவந்தார். நான் வாசித்து முடித்ததும் நன்றி சொல்லி எழுந்து, அழகம்மா வீட்டுப் பக்கம் இறங்கிப் போனார்.