பஸ்லாவின் சிரட்டைக்கரி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடிக்குக் கீழே குடியிருக்கும் பஸ்லாவுக்கு, வெளுத்துப்போன அபாயா அங்கிகளுக்கு மறுபடி கறுப்புச் சாயம் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். கணவர் புவாத் வீட்டு புரோக்கர். கடைசியாக எப்போது ஒரு வீட்டை விற்றுக் கொடுத்தார் என்பது அவருக்கே ஞாபகம் இருக்காது.

சாயத் தண்ணீர் தெருவோரச் சாக்கடைக் காணுக்குள் கறுப்பாக ஓடுகிறது என்று யாரோ முறைப்பாடு கொடுத்துவிட்டார்கள். மாநகரசபை அதிகாரி வந்தார். வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது தண்ணீர் தெளிந்திராவிட்டால் வீட்டுக் கழிவுக் குழாயைச் சீமெந்தால் அடைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்லா அழுதுகொண்டு உட்காரவில்லை. எண்ணெய் ஆலையில் குப்பையாகக் குவிந்துகிடந்த தேங்காய்ச் சிரட்டையை மூட்டை மூட்டையாக அள்ளிவந்தாள். தகரப் பீப்பாவில் மூடிச் சுட்டு, இடித்து, தூசு போகும்வரை கழுவி, மொட்டைமாடியில் காயவைத்தாள். ஓட்டை போட்ட ஒரு வாளியில் அந்தக் கரியை நிரப்பிச் சாயத் தண்ணீரை ஊற்றினால் அடியில் தெளிந்த தண்ணீர் வந்தது. நானே பார்த்தேன். ஆனால் கொஞ்சக் கரி சீக்கிரம் களைத்துவிடும். அதனால் ஒரு பீப்பா நிரம்பும் அளவுக்குச் செய்து மாடியில் பரப்பிவைத்தாள்.

வியாழன் பின்னேரம் புவாத் ஒரு பையோடு என் கதவைத் தட்டினார்.

"அக்கா, நல்ல சிரட்டைக்கரி. சாம்பிராணிக்கு வெச்சிக்கொள்ளுங்க. ஒழுங்கை முழுக்க எல்லா ஊட்டுக்கும் குடுத்தாச்சி."

"முழுக்கவோ? எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

"மேல சும்மா காஞ்சிட்டு ஈந்திச்சே."

"உங்களுக்குத் தலைக்குள்ள ஏதும் இருக்கோ?" என்று கேட்டுவிட்டுப் பையோடு கீழே ஓடினேன். அதற்குள் ஒழுங்கையெல்லாம் சாம்பிராணி மணத்தது. வியாழன் பொழுதுபட்டால் முஸ்லிம் வீடுகளுக்கு அது வெள்ளி இரவு; வீட்டுக்கு வீடு பஸ்லாவின் கரி புகைந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெண்சாதி கை கொப்பளிக்கச் சுட்ட கரியில் இந்த மனுசன் ஊருக்கு வள்ளல்.

அடுத்த நாள், என் பையிலிருந்த கரி அரை வாளிக்குக்கூடப் போதவில்லை. அதிகாரியின் முன்னால் தண்ணீர் முதலில் தெளிவாக வந்தது, பிறகு சாம்பல் நிறமானது, கடைசியில் பழையபடி கறுப்பு.

"களுயி நே நோனா," கறுப்புத்தானே அம்மா என்று சிங்களத்தில் சொன்னார் அவர். கூட வந்தவனைச் சீமெந்து குழைக்கச் சொன்னார்.

அவர்கள் போனபின் புவாத் பஸ்லாவுக்கு ஆறுதல் சொல்ல வந்தார்.

"சரி விடு. அல்லா ஒனக்கொரு ரெஸ்ட் குடுத்தீக்கான். இனிக் கொஞ்சம் வேல ஒண்டும் செய்யாம சும்மா ஈ."

பஸ்லா நிமிர்ந்து பார்த்தாள்.

"நா சும்மா ஈந்தா, நாளைக்கி ஊட்டுக்கு அரிசி யாரு கொண்டுவாற?"

புவாத் உள்ளே போய் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தார். அரிசி எங்கிருந்து வருகிறது என்று அந்த மனுசன் இத்தனை வருசத்தில் ஒருநாளும் யோசித்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.