மைத்துனனுக்காகப் பேசப் போன பைண்டர்

பசைச் சட்டி கழுவ வந்தவர், அதே தெருவில் சொந்தமாக பைண்டிங் கடை போட்டு, எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார் என்றால் சும்மாவா? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் எத்தனை பெரிய படிப்பாளியின் புத்தகமும் தன் ஊசி நுழைந்தால்தான் நிமிர்ந்து நிற்கும் என்பார். "என் கடைத் தையல்ல ஒரு பக்கம் முன்ன பின்ன வந்துச்சுன்னு எவனாவது சொல்லட்டும், மீசையை எடுத்துடறேன்" என்று நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த தலைவலி, மனைவியின் தம்பி. நாவல் எழுதுகிறவன். அதையாவது ஒழுங்காக எழுதினானா? பக்கங்களுக்கு எண் கிடையாது. அத்தியாயம் பன்னிரண்டில் தொடங்கி ஒன்றில் முடியும். ஒவ்வொரு அத்தியாயமும் சொல்லிவைத்தாற்போல் ஒரு பாரம், அதாவது ஒரே தாளை மடித்துத் தைக்கும் பதினாறு பக்கக் கட்டு. கேட்டால் பின்நவீனத்துவமாம். இதற்கு என்னடா அர்த்தம் என்றால், "எழுதி முடிச்சதும் எழுத்தாளன் செத்துட்டான் அத்தான், இனிமே படிக்கிறவங்க பாடு" என்பான். செத்தவன் மூன்று வேளையும் அக்கா வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அந்த நாவல் ஆபாசம், அலமாரியில் இருக்கக் கூடாது என்று நூலகத்தில் புகார் எழுந்தது. கொடுத்தவர் வாசகர் குழுத் தலைவி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. "அவன் உருப்படியா எழுதினது இது ஒண்ணுதாங்க. இதையும் தூக்கிட்டா ஒடிஞ்சு போயிடுவான்" என்று மனைவி கண்ணைக் கசக்கினாள். மைத்துனன் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்பதால் பைண்டரே புகாரை விசாரிக்கும் கூட்டத்துக்குக் கிளம்பினார். அவனையும் இழுத்துக்கொண்டு போனார், பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு.

கதை அவருக்குத் தெரியும். மைத்துனன் வீட்டுக்குக் கொடுத்த பிரதியை மனைவி கடையில் உட்கார்ந்து உரக்க வாசித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற ஒருத்தி, படுக்கையில் விழுந்த புருஷனை வருஷக்கணக்காகக் கழுவித் துடைக்கிறாள். அவன் செத்த அன்று, பிணத்தின் முன்னால் நின்று வாயில் வரக்கூடாததெல்லாம் சொல்லித் திட்டுகிறாள். அந்தக் கடைசி அத்தியாயத்தில் தாள் மடிக்கும் பெண்களின் கை நின்றுவிட்டது. பைண்டர் பசைத் தூரிகையைக் கழுவுகிற சாக்கில் வெளியே போய் வெகுநேரம் நின்றார்.

கூட்டத்தில் தலைமையாசிரியை, படித்துக்காட்ட நாக்குக் கூசுகிறது என்றார். பைண்டர் விடவில்லை. கையில் கத்தி பட்டால் தன் கடையில் இதைவிட மோசமாக வரும், வலிக்கிறவன் இலக்கணம் பார்த்தா கத்துவான் என்று கேட்டார். நூலகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அவ பட்டதையெல்லாம் பாத்துட்டு வாங்கம்மா. கடைசியில திட்டறப்போ தப்பாத் தெரியாது."

"கடைசியிலயா? முதல் பக்கமே அதுதானேய்யா" என்று தலைமையாசிரியை புத்தகத்தைத் திறந்து நீட்டினார்.

பைண்டர் பக்கத்தைப் பார்க்கவில்லை, முதுகைப் பார்த்தார். பச்சைக் காலிகோ துணி. அவர் கடைத் தையல்.

புதுப் புத்தகங்களுக்குக் கெட்டி அட்டை போட்டுத்தான் நூலகத்தில் அடுக்குவார்கள். வேலை பைண்டருடையது. மனைவி கடையில் வாசிப்பதற்கு முன்பே ஒரு நாள், அட்டையை உரித்துவிட்டு மூத்த தொழிலாளி வந்து, ஒரு புத்தகத்தில் அத்தியாய எண்ணெல்லாம் தலைகீழாக ஓடுகிறது என்றார். பைண்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல், எவனோ தூக்கக் கலக்கத்தில் கட்டியிருக்கிறான், ஒன்றிலிருந்து அடுக்கித் தை என்று சொல்லிவிட்டார். அச்சகத்தின் தப்பையே திருத்துகிற கடை என்று இதே நூலகரிடம் பெருமை வேறு அடித்திருந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் மீசை பிழைக்கும், புத்தகம் போய்விடும். மைத்துனன் சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். செத்த எழுத்தாளனுக்குக் கண் மட்டும் கலங்கியிருந்தது. பைண்டருக்கு எரிச்சலான எரிச்சல்.

"தப்பு அவன் மேல இல்லம்மா. வரிசையை மாத்தினது நான். பிரிச்சுத் தைச்சுத் தரேன். பன்னெண்டுலேர்ந்து ஒரு தடவை படிங்க, அப்புறம் தூக்கிப் போடுங்க."

நூலகர் அவர் மீசையைப் பார்த்தார். தலைமையாசிரியை ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

திரும்பும் வழியில் மைத்துனன் மெல்ல ஆரம்பித்தான்: "அத்தான், ஒண்ணுலேர்ந்து படிச்சாலும் ஒரு விதத்துல நல்லாத்தான் இருக்கு. அப்படியே விட்டுடலாமே?" பைண்டர் தெருவென்றும் பார்க்காமல் சொன்ன பதில் அந்த நாவலின் கடைசி அத்தியாயத்தில் சேர்க்கத் தகுந்தது. கடைக்கு வந்து நூலை அறுத்து, பன்னிரண்டு பாரத்தையும் தன் கையாலேயே தைத்தார்.

அடுத்த வாரம் தலைமையாசிரியை கடைக்கே வந்து, புகாரைத் திரும்பப் பெற்றதாகச் சொன்னார். "கெட்ட வார்த்தை கெட்ட வார்த்தைதான்யா, அதுல மாத்தமில்ல. ஆனா அவ திட்டலேன்னா நான் திட்டியிருப்பேன்."

அன்று சாயங்காலம் பைண்டர் சலூனுக்குப் போய், சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த மைத்துனன் நிமிர்ந்து பார்த்தான்.

"இதுவும் ஒரு விதத்துல நல்லாத்தான் இருக்கு அத்தான்."