நான் பிரித்த இரண்டு விரல்கள்

சாமி கும்பிடுகிறவள்தான் நான், வெள்ளிக்கிழமையில் காளி அம்மன் வாசலில் கற்பூரம் கொளுத்தாமல் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க மாட்டேன், ஆனால் பேய், ஆவி, அங்கே தெரிந்தது, இங்கே கேட்டது என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள். அம்மனை நம்புகிறவளுக்கு அதெல்லாம் எதற்கு என்பதுதான் என் எண்ணம், இன்றைக்கும் அதேதான். அதனால் இதை எழுத எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் நடந்த காலம். இவர் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து சாமான் இறக்கும் வேலை செய்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர், பேரை நான் வாயால் சொல்வதில்லை, இங்கேயும் எழுதவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே சாமான் தூக்கும் வின்ச் கம்பியில் அகப்பட்டு வலது கை நடுவிரலில் பாதி போய்விட்டது. அதை மறந்துவிடாதீர்கள், பிறகு அந்த அரை விரல் வரும்.

ஒருநாள் வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது தெருவில் வெடிச் சத்தம் கேட்டு எல்லாரும் விழுந்து படுக்க, இவரும் பாய்ந்திருக்கிறார், தலை மதகுக் கல்லில் அடிபட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மூச்சு இருந்தது, உணர்வு இல்லை. வெளியில் பெரிய காயம் ஒன்றும் இல்லை, உள்ளே என்ன என்று இப்போது சொல்ல முடியாது, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும், எழும்பாமலே போனாலும் போகலாம் என்று டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. இவர் போனால் நான் தனி.

அந்த ஆஸ்பத்திரி வாட்டில் பரீதா என்று ஒரு தாதி, எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். கடல் குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிண்ணியாப் பிள்ளை. அப்போது பாலம் இல்லை, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு கடக்கிற மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம், அதில் ஏறி இந்தப் பக்கம் வந்து, திரும்ப அதிலேயே போவாள். மற்றத் தாதிமார் நல்லவர்கள்தான், ஊசி போடுவார்கள், எழுதுவார்கள், அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். இவள் வேறு மாதிரி.

முதல் வேலையாக இவருடைய கட்டிலை யன்னல் பக்கம் இழுக்கச் செய்தாள், துறைமுகம் தெரிகிற யன்னல். வெளிச்சம், காற்று, அமைதி, இதெல்லாம் பாதி மருந்து என்று தாதிகளின் புத்தகத்திலேயே இருக்கிறதாம். பிறகு என்னிடம் விசாரித்தாள், விடிய எந்தச் சத்தத்துக்கு எழும்புவார், எதைச் சாப்பிட்டால் சந்தோசம், எந்தக் கோயில், யாரோடு கோபம் என்று. தலையில் அடிபட்டவருக்கு இதெல்லாம் ஏன் என்று கேட்டேன். உடம்பு, மனது, நம்பிக்கை, வீட்டுச் சனம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு ஆள், தலையை மட்டும் கழற்றி வைத்து வைத்தியம் பார்க்க ஏலாது என்றாள். நான் திருநீறு பூசும்போது இவர் கண்ணில் கொட்டாமல் தன் கையைக் குறுக்கே பிடித்துக்கொள்வாள், முஸ்லிம் பிள்ளை.

அவளுக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. நோயாளியைத் தொடுவதற்கு முன் கட்டில் காலடியில் நின்று மூச்சை ஒருமுறை நீளமாக விடுவாள், ஏனென்றால் தாதியின் பதற்றம் கை வழியாக நோயாளிக்குள் போய்விடுமாம். பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டு, இப்போது உங்களைத் திருப்பப் போகிறேன், இப்போது கையைத் துடைக்கப் போகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். என்னையும் அப்படியே செய்யச் சொன்னாள். பேர் சொல்ல மாட்டேன் என்றேன்.

"அப்ப எப்பிடிக் கூப்பிடுவீங்க அக்கா?"

"இஞ்சருங்கோ எண்டுதான்."

"அது ஊருல உள்ள எல்லா மாப்பிள்ளைமாருக்கும் பேர்தானே. யாரெண்டு இவர் எழும்புவார்?"

பக்கத்துக் கட்டிலில் திரியாய் ஊர் ஆள் ஒருவர், கந்தையா அண்ணை, முறிந்த காலைத் தூக்கிக் கட்டியபடி கிடந்தார். அவருக்கு இதெல்லாம் பகிடி. உணர்வு உள்ளவனுக்கு ஊசி, உணர்வு இல்லாதவனுக்குக் கதையோ, நானும் நாளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கப் போகிறேன் என்பார். மிஸ்ஸி சிரித்துக்கொண்டே அவருக்கும் ஐந்து நிமிசம் இருந்து கதை கேட்டுவிட்டுப் போவாள்.

ஒன்பதாம் நாள் பின்னேரம் நான் அவள் கையைப் பிடித்து அழுதேன், இவரை எப்படியாவது சுகமாக்கித் தந்துவிடு என்று.

"சுகமாக்கிறது நாங்க இல்ல அக்கா. அவர்ட உடம்பும் மனசும்தான் அதச் செய்யும். நாங்க அதுக்கு இடம் வச்சுக் குடுக்கிற, அவ்வளவுதான்" என்றாள். போகத் திரும்பியவள் நின்று, "நான் மட்டும் இவருக்குச் செய்யிறன் எண்டு நினைக்காதீங்க. இவரும் எனக்கு ஏதோ செய்யிறார். ரெண்டு பக்கமும் நடக்கிற வேலை இது" என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் காலையிலேயே ஊரடங்கு. பாதை ஓடவில்லை, மிஸ்ஸி வரவில்லை. வாட்டில் ஒரே ஒரு தாதிதான், அவளும் காயப்பட்டவர்கள் வருகிற இடத்துக்குப் போய்விட்டாள். மத்தியானம் கழிந்து குடாவுக்கு அந்தப் பக்கம் ஷெல் விழுகிற சத்தம் தொடங்கியது. கிண்ணியாப் பக்கம்தான் என்று கந்தையா அண்ணை சொன்னார், அதன்பிறகு அவரும் பகிடி விடவில்லை.

நல்ல பகல் வெளிச்சம், யன்னலால் வெயில் கட்டிலில் விழுந்து கிடந்தது. அப்போதுதான் இவருடைய வலது கை மெத்தையை விட்டு ஒரு சாண் உயர்ந்தது. பத்து நாளாக அசையாத கை. உயர்ந்து, மடங்கி, அப்படியே நின்றது. வெறும் முட்டியாக மடங்கவில்லை. ஒரு ஆளின் மணிக்கட்டைப் பிடித்தால் விரல்கள் எப்படி வளைந்து நிற்குமோ அப்படி, நடுவில் இடைவெளி விட்டு.

தலையில் அடிபட்டவர்களுக்கு வலிப்பு வரலாம், வந்தால் கை இறுகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நகம் உள்ளங்கையில் குத்திவிடுமே என்று ஒரு துணியைச் சுருட்டி அந்த இடைவெளிக்குள் வைக்கப் போனேன். துணி போகவில்லை. கண்ணால் பார்க்கிறேன், உள்ளே ஒன்றும் இல்லை, அந்தப் பக்கத்துச் சுவர் தெரிகிறது, ஆனால் துணி போகவில்லை. என் விரல் நுனியை வைத்துப் பார்த்தேன். ஏதோ தடுத்தது. சூடாக இருந்தது. துடித்தது.

"என்ன தங்கச்சி, மனுசன் ஆரையோ பிடிச்சு வச்சிருக்கிறான் போல கிடக்கு" என்றார் கந்தையா அண்ணை. இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.

எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. இவருடைய உயிர்தான் போகப் போகிறது, அதுதான் கை இப்படி இறுகுகிறது, எப்படியாவது விரித்துவிட வேண்டும் என்று ஒரே எண்ணம். மூச்சு விடவும் இல்லை, சொல்லவும் இல்லை, மிஸ்ஸி பழக்கியது ஒன்றும் நினைவில் வரவில்லை, சுண்டு விரலைப் பிடித்து முழுப் பலத்தோடு பின்னுக்கு இழுத்தேன். பிரிந்தது. மோதிர விரலை இழுத்தேன். அது பிரிந்த நேரம் குடாவுக்கு அந்தப் பக்கம் பெரிய சத்தம், யன்னல் கண்ணாடி அதிர்ந்தது, இவர் தொண்டைக்குள் முனகினார்.

அந்த முனகலில்தான் எனக்கு நினைவு வந்தது, சொல்லாமல் தொட்டுவிட்டேன் என்று. அம்மாளே என்று ஒரு மூச்சை விட்டேன். பிறகு இவருடைய காதோடு குனிந்து, கட்டிய நாளிலிருந்து சொல்லாத பேரைச் சொன்னேன். சொல்லி, "கையை விரிக்கப் போறன், விடுங்கோ" என்றேன்.

இவர் தலையை ஆட்டினார். கண் மூடியபடியே, அந்தப் பக்கம் ஒருமுறை, இந்தப் பக்கம் ஒருமுறை. வேண்டாம் என்று.

நான் கையை எடுத்துவிட்டேன். கட்டில் ஓரத்தில் இருந்து அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், அதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும். மற்ற மூன்று விரலோடும் அந்தக் கை அப்படியே நின்றது, வேர்த்து, நடுங்கி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல். ஷெல் சத்தம் ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் கை தானாக இறங்கி மெத்தையில் கிடந்தது.

அடுத்த நாள் காலை துறைமுகச் சங்கு ஊதும்போது இவர் கண் விழித்தார். என்னைப் பார்த்தார். முதல் வார்த்தை தண்ணீர் இல்லை, என் பேரும் இல்லை.

"கை உளையுது" என்றார். பிறகு, "நீ ஏனப்பா இழுத்தனீ?" என்றார்.

அவ்வளவுதான். மத்தியானம் கேட்டபோது அப்படிச் சொன்னதே இவருக்கு நினைவில்லை, இன்றைக்கும் இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பாதை ஓடியது, மிஸ்ஸி வந்தாள். இவர் சாய்ந்திருந்து கஞ்சி குடிப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். மேல் கையில் ஒரு கட்டு. ஷெல் அடிக்குள் பாதை வந்து நிற்கிற துறையடிப் பக்கம் அகப்பட்டு ஒரு வாய்க்காலுக்குள் விழுந்து படுத்தாளாம். பயத்தில் எழும்பி வீட்டுக்கு ஓடப் பார்த்தாளாம்.

"அந்த நேரம் நான் இவர நினைக்கவே இல்ல அக்கா, பொய் சொல்லக்கூடா. ஆரையுமே நினைக்கல்ல, ஓடணும் எண்டு மட்டுந்தான். எழும்பப் போகக்குள்ள ஆரோ கையப் பிடிச்சு அமத்தின. திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்ல" என்றாள். நடுவில் ஒருமுறை அந்தப் பிடி தளர்ந்ததாம், பாதி எழும்பிவிட்டாளாம், அப்போதுதான் தகரத்துண்டு போல ஒன்று வந்து மேல் கையைக் கிழித்துக்கொண்டு போனதாம். பிறகு திரும்பவும் இறுகிப் பிடித்து அவளை நிலத்தோடு வைத்திருந்ததாம், எல்லாம் முடியும் வரை. அவளோடு ஓடிய இரண்டு பேர் உயிரோடு இல்லை.

சட்டைக் கையை மேலே இழுத்து மணிக்கட்டைக் காட்டினாள். நீலம் பாய்ந்த தடம். ஒரு பக்கம் பெருவிரல். மறுபக்கம் சுட்டு விரல், அதற்குப் பக்கத்தில் பாதியோடு நின்றுபோன ஒரு விரல். அதற்கு அடுத்த இரண்டும் இருந்த இடத்தில் வெறும் மங்கல்.

அவள் இவருடைய கையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன். பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டுவருவாள், தைப்பொங்கலுக்கு நாங்கள் பொங்கல் கொண்டுபோவோம், அக்கா அக்கா என்று உயிரை விடுவாள், இத்தனை வருசத்தில் அவளிடம் அதை இன்னும் சொல்லவில்லை. இவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து நான் இழுத்தது எதை என்று எப்படிச் சொல்வது. மூன்றாவது விரலையும் இழுத்திருந்தால் அந்த இரண்டு பேரோடு அவளும் போயிருப்பாள்.

இவர் நல்ல சுகம், பென்சனும் எடுத்துவிட்டார். ஆனால் ஒன்று. வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் அன்றைக்குப் பிறகு மடங்கவில்லை. நரம்பில் பிழை இல்லை, எலும்பில் பிழை இல்லை, ஏன் என்று தெரியவில்லை என்று மூன்று டாக்டர்மார் சொல்லிவிட்டார்கள். காலையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்தால் மற்ற விரல்களால் பிடித்துக் குடிப்பார், அந்த இரண்டும் நான் விரித்துவிட்டபடியே நீட்டிக்கொண்டு நிற்கும்.